அச்சாவது ஒன்று, நிலைப்பது வேறு



இது நினைவுச் சொற்பொழிவு மேடை. ஆகவே, நிகழாமல் போன ஒரு சொற்பொழிவிலிருந்து தொடங்குகிறேன். 1936இல் லாகூரைச் சேர்ந்த ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் இசையவில்லை. மாநாடு நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையை அவர் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதங்களுக்குள் அவை தீர்ந்துபோயின. 'சாதி ஒழிப்பு' என்று நாம் படிக்கும் நூல் அதுதான்.

சுயபதிப்பு என்று இன்று புதிதுபோலப் பேசப்படுவது நமக்குப் புதிதல்ல. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். இடம் கேட்டு யார் வாசலிலும் அவர்கள் நிற்கவில்லை. ஆனால் இந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. பண்டிதர் 1914இல் மறைந்தார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் திரட்ட, பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுப்பாக வெளிவந்தது 1999இல். இடையே 85 ஆண்டுகள். அச்சாவது ஒன்று, நிலைப்பது வேறு.

இப்போது தொழில் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்போம். ஆஃப்செட்டில் பத்துப் படிக்கும் ஆயிரம் படிக்கும் தொடக்கச் செலவு ஒன்றுதான். அதனால் ஒரேயடியாக நிறைய அடித்தால்தான் விலை கட்டுப்படியாகும். அதற்கு முதல் வேண்டும், அடுக்கி வைக்க இடம் வேண்டும். பதிப்பாளரின் அதிகாரம் அங்கிருந்துதான் வந்தது. டிஜிட்டல் அச்சு வந்தபின் ஐம்பது படி அடிக்கலாம். விற்றபின் இன்னும் ஐம்பது அடிக்கலாம். 2016இலிருந்து கிண்டிலில் தமிழ் மின்னூல் விற்பனை வந்துவிட்டது. அச்சகக் கதவு திறந்துவிட்டது என்பது உண்மை.

திறந்த கதவருகே புதிய தரகர்களும் நிற்கிறார்கள். என் முதல் தொகுப்புக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினேன். ஒப்பந்தம் கிடையாது. ஐம்பது படிகள் கொடுத்தார்கள். மொத்தம் எத்தனை அடித்தீர்கள், நூலக ஆணை கிடைத்ததா என்று கேட்டேன். "புத்தகம் வந்ததே பெருசு தோழர்" என்றார்கள். நானும் அப்போது அப்படித்தான் நம்பினேன். சமூகவியல் படித்தவனுக்கே அந்தக் கதி.

பதிப்பாளர் என்பவர் யார்? நட்டத்தைத் தாங்குகிறவர். பணத்தை நீங்கள் போட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். எதிரே இருப்பவர் கூலிக்கு அச்சிட்டுத் தருகிறவர். அப்படியானால் படிகளும் உங்களுடையவை, கணக்கும் உங்களுடையது. சட்டமும் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. எழுதிய கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு. பதிவு செய்வது கட்டாயமல்ல. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் மட்டுமே செல்லும். நாம் இறந்தபின்னும் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு அந்த உரிமை இருக்கும். அதை வாய்வார்த்தையில் விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, நிலைப்பதற்கான வேலை. ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். இதைக் கடமை என்று மட்டும் பார்க்காதீர்கள். இன்னும் 85 ஆண்டு கழித்து ஒரு பிள்ளை நம்மைத் தேடி வந்தால், நாம் கிடைக்கிற இடம் அது.

எஞ்சியவற்றைத் தனி ஆளால் செய்ய முடியாது. செம்மையாக்கம், மெய்ப்பு, கடைக்குப் போய்ச் சேர்தல், விமர்சனம், பாடத்திட்டம் ஆகிய எல்லாம் தொடர்புகளால் நடப்பவை. அந்தத் தொடர்புகளில் சாதி உட்கார்ந்திருக்கிறது. மின்னூல் வந்ததால் அது எழுந்து போய்விடவில்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' நூலை மதுரையில் இயங்கிய ஐடியாஸ் என்ற சமூக ஆய்வு மையம் வெளியிட்டது. பேச்சுமொழியைத் திருத்தி அழிக்காமல் வெளியிட ஓர் அமைப்பு இருந்ததால் அது சாத்தியமானது. சுயபதிப்பில் 'சுயம்' என்பது ஒற்றை ஆளாக இருக்க வேண்டியதில்லை. நம் மன்றமும் ஒரு சுயம்தான்.

ஆகவே மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம்மில் இரண்டு பேர் மெய்ப்புப் பார்க்கட்டும், ஒருவர் ஒப்பந்தம் படிக்கட்டும், ஒருவர் நூலகங்களுக்குப் படி அனுப்பும் பொறுப்பை எடுக்கட்டும். முதல் புத்தகம் போடப்போகிற தம்பி தங்கைகளே, பணம் கட்டுவதற்கு முன் கையெழுத்துப்படியோடு இங்கே ஒருமுறை வாருங்கள். நகையை அடகு வைப்பதைப் பிறகு யோசிக்கலாம்.