மூளைக் கட்டி ஆபரேஷனுக்குப் பின் முகத்தில் நரம்பு வலியா?



மூளையில் இருந்த கட்டியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். பிழைத்து வீடு வந்தாயிற்று. ஆனாலும் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கத்தில் வலி தொடங்குகிறது, அல்லது முன்பிருந்த வலி போகாமல் நிற்கிறது. முகம் கழுவினால், பல் துலக்கினால், சோறு மென்றால், காற்றுப் பட்டால்கூட 'சுரீர்' என்று இழுக்கிறது. வெளியே காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. அதனால் வீட்டார், "அதான் எல்லாம் சரியாப் போச்சே, இன்னும் என்ன வலி?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

இது நடிப்பல்ல, நரம்பில் வரும் உண்மையான வலி. இதற்கு மருந்தும் உண்டு.

வலி ஏன் வருகிறது?

மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றில் ஐந்தாவது நரம்பு முகத்துக்கு உணர்ச்சி தருவது. நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளையாகப் பிரிகிறது. கட்டி இதன் அருகில் வளர்ந்தால் நரம்பு நசுங்கும். கட்டியை எடுக்கும்போதும் நரம்பு நோகலாம். மேலுறை தேய்ந்த கரண்டுக் கம்பி போல, தொடாமலே 'ஷாக்' அடிக்கும். சிலருக்கு ஷாக் இராது. மரத்துப்போன இடமே நாள் முழுக்க எரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எந்த மாதிரி வலி என்று டாக்டரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பல்வலி என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். பல் போகும், வலி போகாது.

என்ன மருந்து?

சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. ஷாக் போன்ற வலிக்கு கார்பமசிபைன் என்ற மாத்திரையைக் கொடுப்பார்கள். வலிப்பு நோய்க்கும் இதே மாத்திரைதான். குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். எரிச்சல் வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை உண்டு. இரண்டு நாளில் குணம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வலி நின்றது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

தொடக்கத்தில் தூக்கமும் தலைச்சுற்றலும் இருக்கும். அந்த நாட்களில் மரம் ஏறுவது, டிராக்டர் ஓட்டுவது, கிணற்று வேலை வேண்டாம். மது கூடவே கூடாது. தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மாத்திரையில் தீராவிட்டால் ஸ்கேன் எடுத்து, கட்டி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஊசி, கதிர் சிகிச்சை, ஆபரேஷன் உண்டு. மரத்துப்போய் எரியும் வலிக்கு நரம்பை மேலும் சுட்டால் வலி கூடவும் செய்யும். ஆகவே நரம்பியல் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

குடும்ப நலம்: இருவரும் படியுங்கள்

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் கவனிக்க வேண்டும். கார்பமசிபைன் அந்த மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். "தினமும்தானே போட்டேன், எப்படி உண்டாச்சு?" என்று பிறகு திகைக்க நேரும். காப்பர்-டி அல்லது நிரோத் பயன்படுத்தலாம். கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

குழந்தை வேண்டுமென்றால், கரு உண்டாகும் முன்பே டாக்டரைப் பாருங்கள். இந்த மருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டில் குறை வர வாய்ப்பு சற்று அதிகம். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியுமா என்று பார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். ஏற்கனவே கருவுற்றிருந்தால் பயந்துபோய் மருந்தை நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் செல்லுங்கள்.

முகத்தைத் தொட்டால் வலிக்கும் என்பதால் துணைவர் விலகிப் படுக்கலாம். அது வெறுப்பல்ல. எந்தப் பக்கம் தொடலாம், எந்த நேரம் வலி குறைவு என்று மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* கஞ்சி, குழைந்த சோறு, இட்லி போன்றவற்றை இளஞ்சூட்டில் கொடுங்கள். வலியில்லாத பக்கம் மெல்லட்டும்.
* வெளியே போகும்போது முகத்தை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளலாம்.
* மரத்த கன்னத்தில் ஒத்தடம், பற்று, சூடு வேண்டாம். வெந்தாலும் தெரியாது.
* கண் மூடவில்லை என்றால் டாக்டர் தந்த சொட்டு மருந்தை விடுங்கள். கண் சிவந்தால் வலிக்காவிட்டாலும் அன்றே காட்டுங்கள்; பார்வை போகக்கூடும்.
* வலி வந்த நேரத்தையும், எதனால் வந்தது என்பதையும் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு, நினைவு மங்கல், மூக்கிலோ தையலிலோ தெளிந்த நீர் வடிதல் - இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரவு வலி மிஞ்சும்போது சிலர், "செத்தாத் தேவலை" என்பார்கள். அதைச் சாதாரணப் பேச்சாக விடாதீர்கள். தனியே விடாமல் கூட இருந்து, டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

வலி ஒருவருக்கு, கவனிப்பு இருவருக்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.