அளவு மீறிய தட்டணுக்கள்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறுகிறவர்கள், மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தொடங்குமுன், உருண்டு கிடக்கும் பாறைகளினூடே சலசலத்து ஓடும் ஓர் ஆற்றைக் காண்பார்கள். ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆகிக் கல்லாறு என்று வழங்குகிறது. விஷ வைத்தியத்திற்குப் பிரஸித்தி பெற்று, 2018-இல் பத்மஸ்ரீ விருதடைந்த காணி வகுப்பினரான லட்சுமிக்குட்டி அம்மாள் இந்த வனப் பிரதேசத்தவரே. விரியன் தீண்டினால் இரத்தம் உறையும் சக்தியை இழந்து கசிந்துகொண்டேயிருக்கும் என்பதை இத்தகைய மலையோர ஊர்களில் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வந்ததோ அதற்கு எதிர்த்திசையில் உள்ள சங்கதி: இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் அளவு மீறிப் பெருகுவது.

டெங்குக் காய்ச்சலின் புண்ணியத்தால், தட்டணுவைக் குறிக்கும் 'பிளேட்லெட்' என்ற சொல் தேநீர்க் கடைவரை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அது குறைவதற்கு மட்டுமே அஞ்சப் பழகிய நாம், கூடியிருப்பதாகப் பரிசோதனைச் சீட்டு சொன்னால் மகிழ்வதா, கலங்குவதா என்று திகைக்கிறோம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ஏறக்குறைய 10 நாளில் மடியும் இந்த அணுக்களில் மூன்றிலொரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். ஆகையால் மண்ணீரலை அகற்றியவர்களுக்கு எண்ணிக்கை ஏறுவதில் வியப்பில்லை.

பெரும்பாலோருக்கு இந்தப் பெருக்கம் தனி வியாதியன்று. உடலில் வேறெங்கோ நடக்கும் கலகத்தின் எதிரொலி. கிருமித் தொற்று, நாட்பட்ட வீக்கம், சஸ்திர சிகிச்சை, இரத்தப்போக்கு ஆகிய எதுவும் காரணமாகலாம். இவற்றுடன் நம் நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகையுடையவர்கள் என்று 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இரும்பு போதாத மஜ்ஜையில் மூல அணுக்கள் தட்டணுவாகும் பக்கம் சாய்கின்றன. இரும்பைக் கொடுத்தால், எண்ணிக்கை தானே இறங்கிவிடும். பொன்முடிச் சரிவில் விளையும் தேயிலையைப் பழிப்பதாக எண்ணவேண்டாம்: உணவோடு குடிக்கும் தேநீர் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

மஜ்ஜையே கட்டுப்பாடிழந்து தட்டணுக்களைப் பெருக்கும் நோயும் உண்டு. ஆனால் அது அபூர்வம். அந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் காணப்படும் 'ஜாக் 2' என்னும் மரபணு மாற்றம் 2005-இல்தான் வெளிப்பட்டது. தலைவலியும், உள்ளங்கை உள்ளங்கால்களில் எரிச்சலும் தோன்றலாம்; இரத்தக்குழாயில் அடைப்பும் நேரலாம். விசித்திரம் என்னவெனில், எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டினால் உறைதலுக்குத் துணைநிற்கும் ஒரு புரதத்தைத் தட்டணுக்களே கவர்ந்துகொள்வதால், அடைப்புக்குப் பதிலாக இரத்தக்கசிவு உண்டாவதும் உண்டு. எனவே, பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஆஸ்பிரின் விழுங்காதீர்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் இரத்தத்தைச் சோதித்து, இரும்பின் அளவையும் பார்த்துக்கொண்டு, பழைய சீட்டுகளோடு வைத்தியரிடம் செல்லுங்கள்.