வாடகைக்கு விடுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணம் சோனகதெருவில் வாப்பா விட்டுச்சென்ற வீட்டை வாடகைக்கு விடலாமா என்று கேட்கும் சகோதரர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்ட நாங்கள், 2009இல் யுத்தம் முடிந்தபின் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. பேசித் தீர்த்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி, உரிமையாளரை ஏற்காமல் 10 வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கே உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தோருக்காக 2016இல் வந்த விசேட சட்டம் வழக்குத் தொடர 2 வருட அவகாசமே தந்தது. அதுவும் முடிந்துவிட்டது.

ஆகவே, "நம்மட ஆள்தானே" என்று வாய்ச்சொல்லில் வீட்டைக் கொடுக்காதீர்கள். வாடகை தருபவர் உங்களை உரிமையாளராக ஏற்றுக்கொள்கிறார். பற்றுச்சீட்டு அதற்குச் சாட்சி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். இது 1840ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குமுன் காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பாருங்கள். வாரிசுப் பங்கு பிரிக்கப்படாவிட்டால் சகோதர சகோதரிகளின் ஒப்பத்தையும் வாங்குங்கள்.

அடுத்தது விபத்து. கட்டில்லாத கிணறு, பழைய மின்கம்பி, சாய்ந்த மதில் ஆகியவற்றால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால், கவனயீனம் என்று நட்டஈட்டு வழக்கு வரலாம். திருத்தியபின் சாவியைக் கொடுங்கள். தகாபுல் எடுக்கும்போது, பிறருக்கு ஏற்படும் காயமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். முற்பணம் அமானிதம், அதை வியாபாரத்தில் போடாதீர்கள்.

தவணைக் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதிவைக்கும்படி சூறா அல்பகராவின் 282ஆவது வசனம் சொல்கிறது. எழுதிக்கொண்டால் வீடும் மிஞ்சும், உறவும் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.