போலீசைக் கேள்வி கேட்கலாமா?

திருட்டுப் போன மோட்டார் சைக்கிளுக்காகப் புகார் கொடுக்க வேண்டுமென்றாலும் நம்மவர்கள் முதலில் தேடுவது ஒரு துணை ஆளைத்தான். பழைய கிராணி வர வேண்டும், கோயில் தலைவர் வர வேண்டும், இல்லாவிட்டால் கட்சிக் கிளைத் தலைவராவது வர வேண்டும். தனியாகப் பட்டணத்துப் போலீஸ் நிலையத்தின் படியேறக் கால் வராது. அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் என்பது நமக்கு மறந்தே போய்விடுகிறது.

"நாம் போய் அவர்களைக் கேள்வி கேட்பதா?" என்று நீங்கள் திகைக்கலாம். கேட்கலாம். கேட்பதற்குச் சட்டமே வழி செய்து வைத்திருக்கிறது. அந்த வழி தெரியாததால்தான் எத்தனையோ குடும்பங்கள் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றியே பார்ப்போம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு போலீஸ் புகாரைப் பற்றியது. நாட்டின் எந்த மூலையில் குற்றம் நடந்திருந்தாலும் அதைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்வது எந்தப் போலீஸ்காரருக்கும் கடமை என்று அது சொல்கிறது. "இது எங்கள் வட்டாரம் இல்லை, அந்த நிலையத்துக்குப் போ" என்று அலைக்கழிக்க இடமில்லை. நீங்கள் வாயால் சொன்னதை அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

இந்தப் "படித்துக் காட்டுவது" சின்ன விஷயமல்ல, தாய்மார்களே. புகார் மலாய் மொழியில் எழுதப்படுகிறது. நீங்கள் "சங்கிலியை அறுத்துக்கொண்டு என்னைக் கீழே தள்ளினான்" என்று சொல்லியிருப்பீர்கள். காகிதத்தில் "சங்கிலி காணாமல் போனது" என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கொள்ளை என்பது தொலைந்த பொருளாகிவிடும். பின்னால் நீதிமன்றத்தில் நீங்கள் தள்ளிவிட்ட கதையைச் சொன்னால், "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள். ஆகவே மலாய் படித்த மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

புகார் கொடுத்தாயிற்று. அப்புறம்? இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். 2007ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம் 107ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. புகார் கொடுத்தவர், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தப் போலீஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும்; புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும்; விசாரணையைக் கெடுக்கும் விவரம் எதையும் தரமாட்டார்கள். பதிலே வராவிட்டால் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம்.

வாயால் கேட்டுவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். எழுதிக் கொடுங்கள். புகார் எண்ணையும் தேதியையும் போடுங்கள். ஒரு நகலில் முத்திரை வாங்கி, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கிற அதே தகர டப்பாவில் வையுங்கள்.

சரி, போலீஸ்காரரே தவறு செய்தால் யாரிடம் போவது? அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 2004ஆம் ஆண்டில், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் போலீஸ் படையை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2005இல் அது கொடுத்த அறிக்கையில் 125 பரிந்துரைகள் இருந்தன. போலீசுக்கு எதிரான புகார்களை விசாரிக்கவும், தண்டனை கொடுக்கவும் அதிகாரம் உள்ள சுதந்திரமான ஆணையம் ஒன்று வேண்டும் என்பதுதான் எல்லாரும் பேசிய பரிந்துரை.

அந்தப் பரிந்துரை பட்ட பாடு சொல்லி மாளாது! அதற்குப் பதிலாக, பல அமலாக்கத் துறைகளை ஒன்றாகக் கண்காணிக்கும் ஆணையம் ஒன்றுக்கு 2009இல் சட்டம் வந்தது. 2011இல் அது வேலையைத் தொடங்கியது. போலீசுக்கென்று தனியான நடத்தை ஆணையத்துக்கு 2022இல்தான் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2023 ஜூலை முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மலாயில் அதைச் சுருஹான்ஜாயா பெபாஸ் தாத்தாகெலாக்குவான் போலீஸ் என்கிறார்கள். போலீசின் தவறான நடத்தை பற்றி யாரும் அங்கே புகார் செய்யலாம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆணையம் விசாரிக்கும், தண்டிக்காது. தவறு கண்டால் போலீஸ் படை ஆணையத்துக்குப் பரிந்துரை செய்து அனுப்பும். லாக்கப்பைப் பார்வையிடப் போவதென்றாலும் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியோடுதான் அந்தச் சட்டம் பிறந்தது. விருந்தாளி வருகிறார் என்று தெரிந்தால் வீட்டைக் கூட்டி வைக்காதவர் உண்டா? 2005இல் கேட்டது பசு, கிடைத்தது கன்று. என்றாலும் கன்று இருக்கிறது. அதையும் பயன்படுத்தாமல் விடுவதில் யாருக்கு லாபம்?

லாக்கப் என்றதும் நம் வீடுகளில் ஒரு மௌனம் விழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததாகவும், அவற்றில் 6 மரணங்களுக்கு மட்டுமே மரண விசாரணை நடந்ததாகவும் அந்த அரச ஆணையமே எழுதி வைத்தது. இத்தனைக்கும் அதே நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு, காவலில் ஒருவர் இறந்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணை நடக்க வேண்டும் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை.

உங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், அழுது புரள்வதற்கு முன் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். ஏன் பிடித்தார்கள் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். தான் இருக்கும் இடத்தை உறவினருக்குத் தெரிவிக்கவும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும் 28ஏ பிரிவு அவனுக்கு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 5ஆவது விதி. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையா? ஏழைகளுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. காவல் நீட்டிப்புக் கேட்கும் கட்டத்திலேயே அதன் வழக்கறிஞர் வந்து பேசலாம். அவனுக்குச் சர்க்கரை வியாதியோ இழுப்போ இருந்தால், மருந்தோடு நிலையத்துக்குப் போய் அதைச் சொல்லி, சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு ஒரு நாள் பெரிய சாட்சியாகலாம்.

கணக்குக் கேட்பவர்கள் நாம் மட்டுமல்ல. தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் போலீசின் அலமாரியையும் திறந்து பார்க்கிறார். 2012ஆம் ஆண்டு அறிக்கையில், 44 துப்பாக்கிகள், 29 வாகனங்கள், 156 கைவிலங்குகள் உள்பட பதின்மூன்று இலட்சம் வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள்கள் போலீசில் காணாமல் போனதை அவர் வெளியிட்டார். திருடனுக்குப் போடும் விலங்கே திருட்டுப் போனால் யாரிடம் புகார் கொடுப்பது என்று அப்போது மக்கள் கேலி பேசினார்கள். கேலி இருக்கட்டும், அந்த அறிக்கை வராமல் இருந்தால் நமக்குத் தெரிந்தே இருக்காது.

இனி 999. முன்பு தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று தனித்தனி எண்கள். 2007இல் எல்லாவற்றையும் 999 என்ற ஒரே எண்ணின்கீழ் கொண்டுவந்தார்கள். நீங்கள் அழைத்தால் எடுப்பவர் பக்கத்துப் பட்டணத்துப் போலீஸ்காரர் என்று நினைக்காதீர்கள். அது அழைப்பு மையம். அங்கே இருப்பவருக்கு உங்கள் தோட்டத்தையும் தெரியாது, பழைய லயம் புதிய லயம் என்ற கணக்கும் தெரியாது. எந்தப் பெரிய சாலை, எத்தனையாவது மைல், தோட்டத்தின் மலாய்ப் பெயர் என்ன, எந்த வாசல் என்று சொல்லுங்கள். ஒரு பையனை விளக்கோடு சந்திக்கு அனுப்புங்கள். செம்பனைக்குள் வழி தெரியாமல் சுற்றும் அம்புலன்ஸ் வராத அம்புலன்சுக்குச் சமம். ஜாகாவிடம் சொல்லி வாசல் பூட்டைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்காரருக்கு அந்தப் பூட்டே எமனாகிவிடக்கூடாது.

இத்தனையும் செய்தும் வண்டி தாமதமாக வந்தால் "நம் தலையெழுத்து" என்று விடாதீர்கள். மருத்துவமனை இயக்குநருக்கும் சுகாதார அமைச்சுக்கும் எழுதுங்கள். "ரொம்ப நேரம் ஆச்சு" என்று எழுதினால் பதில் சொல்வது அவர்களுக்குச் சுலபம். "இரவு 11.10க்கு அழைத்தோம், 11.25க்கு மறுபடி அழைத்தோம், 12.20க்கு வண்டி வந்தது" என்று எழுதினால் அவர்களும் தங்கள் பதிவேட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். கைத்தொலைபேசியில் அழைத்த நேரம் பதிவாகியிருக்கும். அதை அழித்துவிடாமல் பிள்ளைகளிடம் சொல்லிப் படம் பிடித்து வையுங்கள்.