பள்ளிக்கூடத்தில் கட்டணச் சலுகை கேட்கலாமா?





பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் காலம் நெருங்குகிறது. இந்த நேரத்தில் நம் டிரஸ்டுக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "தனியார் பள்ளியில் விண்ணப்பம் கொடுக்கும்போதே சலுகை வேண்டும் என்று சொன்னால் இடம் தராமல் விட்டுவிடுவார்களோ? முதலில் சேர்த்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாமா?"

தேவை உண்மையாக இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள் என்பதே எங்கள் பதில்.

நம் பகுதியின் வருமானத்தை நினைத்துப் பாருங்கள். விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பட்டாசு வேலை தீபாவளி வரை ஓடும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும். அச்சகங்களில் காலண்டர், டைரி வேலை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். மழை, விபத்து, ஆய்வு என்று வந்தால் நடுவிலேயே வேலை நிற்கும். ஆனால் பள்ளியின் தவணை நாள் இதற்காகக் காத்திருக்காது. ஜூனில் சிரமமில்லாமல் கட்டிய குடும்பம் ஜனவரியில் திணறுவது இதனால்தான்.

அப்போது என்ன நடக்கிறது? நகை அடகுக்குப் போகிறது. வாரத் தவணைக் கடன் வீட்டுக்குள் வருகிறது. சலுகை கேட்க வெட்கப்பட்டவர்கள் வட்டிக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகுமான ஒன்றைக் கேட்கக் கூச்சப்பட்டு ஹராமானதில் விழுவது எந்த வகையில் கண்ணியம்?

கேட்பது இழிவா?

மார்க்கம் யாசகத்தை ஊக்குவிக்கவில்லை. கொடுக்கும் கையே மேலான கை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆனால் கேட்பதற்கான வாசலை அவர்கள் முழுவதுமாக அடைத்துவிடவும் இல்லை. கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அறிவிக்கும், முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸில், கேட்பதற்கு அனுமதி உள்ளவர்கள் மூவர் எனச் சொல்லப்படுகிறது: பிறருக்காகக் கடன் பொறுப்பை ஏற்றவர், பேரிழப்பால் பொருளைப் பறிகொடுத்தவர், இவர் வறுமையில் இருப்பது உண்மைதான் என்று அவருடைய மக்களில் விவரமுள்ள மூவர் சொல்லக்கூடியவர். அதுவும் தேவை தீரும் வரைதான்.

நாம் உரசிப் பார்க்க வேண்டிய உரைகல் இதுதான். நம் தெருவில் நம்மை அறிந்த மூன்று பேர் "ஆமாம், இவர்களால் முடியாது" என்று சொல்வார்களா? சொல்வார்கள் என்றால் தயங்க வேண்டாம். சேமிப்பு இருக்கிறது, நிஸாபு அளவுக்கு மேல் நகை இருக்கிறது, ஆனாலும் கிடைக்கிற சலுகையை விடுவானேன் என்று கேட்டால், அது வேறொரு ஏழைப் பிள்ளையின் இடம். வருமானச் சான்றில் தொகையைக் குறைத்துக் காட்டி வாங்குவதும் அப்படியே. அது பொய், அமானித மோசடியும் ஆகும்.

எந்த வாசலைத் தட்டுவது?

முதல் வாசல் அரசுடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழகத்தில் எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்கு 8ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசே பள்ளிக்குத் தருகிறது. நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல் நடத்துவார்கள். பெற்றோரையோ பிள்ளையையோ தேர்வு வைத்து வடிகட்ட சட்டம் அனுமதிக்கவில்லை. இது தர்மம் அல்ல, உரிமை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிறப்புச் சான்று, வருமானச் சான்று, பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) சாதிச் சான்று ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். 2025இல் மத்திய அரசின் நிதி வராத பிரச்சினையால் இந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. வேன் கட்டணமும் இதில் சேராது.

இரண்டாவது வாசல் பள்ளி நிர்வாகம். முஸ்லிம், கிறிஸ்தவ நிர்வாகங்களின் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அங்கே நிர்வாகத்திடம்தான் நேரடியாகக் கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கேட்டதற்காகவே இடம் மறுக்கும் பள்ளி ஒன்று இருந்தால், ஜனவரியில் கட்டணம் நின்றபோது அது நம் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்ளும்? அதை ஏப்ரலிலேயே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

மூன்றாவது வாசல் நம் டிரஸ்டின் பைத்துல்மால். முதல் இரண்டையும் தட்டிய பிறகு மீதிக்கு எங்களிடம் வாருங்கள். ஜகாத் நிதி தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்பதால் சில விவரங்களைக் கேட்போம். கேட்டவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டோம்.

எப்படிக் கேட்பது?

அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். புத்தகம், சீருடை, வேன் எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுச் செலவை எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த மாதம் கையில் காசு இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று குறியுங்கள்.

பிறகு ஒரு பக்கக் கடிதம் போதும். கஷ்டத்தை நீட்டி எழுத வேண்டாம். "எங்களால் இவ்வளவு கட்ட முடியும், இவ்வளவு குறைகிறது" என்று தொகையைச் சொல்லுங்கள். பல குடும்பங்களுக்குத் தள்ளுபடியை விடத் தவணை மாற்றமே போதும். மூன்றாம் தவணையின் பாதியைத் தீபாவளி போனஸ் கையில் இருக்கும்போதே கட்டுகிறோம் என்று கேட்கலாம். சலுகை ஓர் ஆண்டுக்கா, தொடர்ந்து கிடைக்குமா, மதிப்பெண் நிபந்தனை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஓர் ஆண்டுச் சலுகையை நம்பிச் சேர்த்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பிள்ளையை நிறுத்துவது அந்தப் பிள்ளைக்குத்தான் காயம். பாக்கி இருந்தாலும் மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருப்பதையும் அறிந்திருங்கள்.

கணக்குப் போட்ட பிறகும் எட்டவில்லை என்றால் அரசுப் பள்ளியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

நம் மாவட்டத்துக்காரரான காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடியரிசியால் நடந்த பள்ளி. அந்த அரிசியில் படித்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை. வசதியுள்ள சகோதரர்களே, தன்மானத்தால் கேட்காமல் இருப்பவர்களைச் செல்வந்தர் என அறியாதவர் எண்ணிக்கொள்வதாக அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனம் உணர்த்துகிறது. அவர்களைத் தேடிப் போவது நம் வேலை. ரமலானில் கணக்கிடும் ஜகாத்தில் ஒரு பங்கை ஜனவரித் தவணைக்கென எங்களிடம் ஒப்படையுங்கள்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் ஜும்ஆ தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். உட்கார்ந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு வட்டி கலவாத ரிஜ்கையும் தருவானாக. ஆமீன்.