சிதைவன்று, இசைவின்மை

ஒரு பொருளுக்கு இட்ட பெயர் பிழைபடின் அப்பொருள்பற்றி எழும் எண்ணமும் பிழைபடும். நோய்ப்பெயரில் அப்பிழை நேரின் துன்புறுபவன் நோயாளியே. 'மனச்சிதைவு' எனத் தமிழில் வழங்கும் பெயர் இத்தகையது என்பது என் கருத்து.

செருமானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை, 'காலத்துக்கு முந்திய அறிவழிவு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் வகுத்துரைத்தார். 1908இல் சுவிற்சலாந்து மருத்துவர் ஓய்கன் புளொய்லர், இந்நோயாளர் எல்லாரும் அறிவழிவு எய்துவதில்லை எனக் கண்டு, 'ஸ்கிசோபிரேனியா' என்னும் புதுப்பெயர் சூட்டினார். பிளத்தலையும் மனத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் கூடியது அது. எண்ணமும் உணர்வும் தம்முள் தொடர்பறுதலையே அவர் கருதினார். ஒருவனுள் இருவர் குடியிருத்தலையன்று. தமிழாக்கிய நாமோ பிளவையுங் கடந்து சிதைவுக்கே சென்றுவிட்டோம். சிதைந்தது என்ற மாத்திரத்தே கேட்போர் நம்பிக்கை இழப்பரன்றோ?

இனி, மூளையின் இயல்பை நோக்குவோம். அதன் புறத்தே நரம்புக்கலங்கள் செறிந்த நரைச்சடப்பொருள் உள்ளது. அகத்தே, அக்கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நீண்ட நார்களாலாய வெண்சடப்பொருள் உள்ளது. நார்களைச் சூழ்ந்த மயலின் என்னும் கொழுப்புறையே அவ்வெண்மைக்குக் காரணம். செய்திகள் விரைந்தோடுதற்குந் துணை அதுவே. இருபது வயது கடந்தும் சில பகுதிகளில் அவ்வுறை வளர்ந்துகொண்டேயிருக்கும். இந்நோய் பெரும்பாலுந் தலைகாட்டுவதும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே.

1990களில் வளர்ந்த ஒருவகைக் காந்தப் பரிவுப் படம், இந்நார்களின் வழியே நீர் மூலக்கூறுகள் செல்லுந் திசையை அளக்கின்றது. நம் வெங்காயத் தோட்டத்து வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வரம்பு செவ்விதாயின் நீர் நேரே ஓடும். வரம்பு தளரின் பக்கமெல்லாங் கசியும். 2018இல் வெளிவந்த ஆய்வொன்று, 29 ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி, 1,963 நோயாளரையும் நோயற்றோர் 2,359 பேரையும் ஒப்பிட்டது. நோயாளரிடத்து அந்த நேரோட்டம் மூளையின் பல பகுதிகளிலுஞ் சற்றே குன்றியிருந்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பெருநரம்புக் கட்டும் அவற்றுள் ஒன்று. நோயின் தொடக்கத்தில், மருந்துண்ணாத நிலையிலேயே, இக்குறைவைக் கண்ட ஆய்வுகளும் பல. ஆகவே மருந்தே இதற்கு முழுக் காரணமாதல் இயலாது.

ஆயினும் இவ்வேறுபாடு பலரது சராசரியிலே தோன்றுவது. ஒருவனுடைய படத்தை மாத்திரம் பார்த்து அவனுக்கு நோய் உண்டெனத் துணிதல் இயலாது. அவன் பேச்சையும் நடத்தையையும் ஆராய்ந்தே மருத்துவர் துணிவர். ஆதலின் முதலிற் காணும் வாய்ப்பு வீட்டாருக்கும் ஆசிரியருக்குமே உரியது.

யான் கற்பித்த மாணவனொருவன் வெண்பா யாத்தலில் வகுப்பில் முதல்வன். உயர்தரத் தேர்வு அணுகுங்கால் அவன் கட்டுரைகள் தொடர்பற்றன. கடைசி வாங்கிலே தனித்திருந்து, எவருங் கேளாத குரலுக்கு மறுமொழி கூறினான். சோம்பல் என்றனர் சிலர்; பேய் என்றனர் சிலர். நூல் கட்டியும் நேர்த்தி வைத்தும் ஈராண்டு கழிந்த பின்னரே மருத்துவரிடங் கொண்டுசென்றனர். மருந்தினாற் குரல்கள் அடங்கின. கழிந்த ஈராண்டு மீளவில்லை. மருத்துவம் தாழ்க்குந்தோறும் முழுக்குணம் அரிதாதல் பல நாடுகளிலும் ஆய்ந்து கண்ட உண்மை.

யப்பானியர் 2002இல், 'மனப்பிளவு நோய்' என்னும் பழம்பெயரை நீக்கி, 'ஒருங்கிணைவு குன்றிய நிலை' எனப் பொருள்படும் பெயரைக் கொண்டனர். 2011இல் கொரியர் சூட்டிய பெயரோ இன்னும் அழகியது: இசைக்கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுதலைக் குறிக்குஞ் சொல்லினின்று பிறந்தது. உடலின் நரம்புக்கும் யாழின் நரம்புக்கும் ஒரே சொல்லை வழங்கும் தமிழர்க்கு இக்கருத்து அயலானதன்று. 'இசைவின்மை நோய்' என நாமும் வழங்கலாகாதோ? சுருதி பிறழ்ந்த யாழை எவரும் விறகென்று எறியார், கைவல்லோனிடங் கொடுப்பர்.

ஆசிரியப் பெருமக்களே! நன்கு கற்ற மாணவன் காரணமின்றிப் பின்னடைந்து, தனிமை நாடி, தொடர்பின்றிப் பேசுவானாயின் பிரம்பை எடாதீர். பெற்றோரை அழைத்து, அவனை மருத்துவரிடம் விரைந்து அனுப்புங்கள்.