போலி வாதத்தை இனங்காணுதல்

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸிலுள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் பயணி ஒருவர் பின்வருமாறு வாதிடுவதாகக் கொள்வோம்: “கிள்ளானுக்குப் போகும் கொம்யூட்டர் ரயில்கள் இங்கு நிற்கும். இதோ, ஒரு கொம்யூட்டர் ரயில் நிற்கிறது. ஆகவே, இது கிள்ளானுக்குப் போகும்.” முதலிரு கூற்றுகளும் உண்மையே. எனினும், முடிவு உறுதியன்று. சிரம்பான் வழிச் செல்லும் ரயில்களும் அங்கு நிற்கின்றன. அவசரப்பட்டு ஏறுபவர் சிரம்பானில் இறங்க நேரலாம்.

இத்தகைய பிழையைக் கண்டறியும் திறனை உயர்கல்வி நுழைவுத் தேர்வுகள் சோதிக்கின்றன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சேட் தேர்வு 1948இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டு முதல், மதிப்பெண் வழங்கப்படும் அதன் மூன்று பகுதிகளுள் இரண்டு தருக்கத்திறனைச் சார்ந்தவை. அவற்றில், முடிவு உண்மையா என்பதைவிட, கூறப்பட்ட காரணம் முடிவைத் தாங்குகிறதா என்பதே முக்கியம்.

இக்கலை தமிழர்க்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்க நெறியைக் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது மேற்கோள். புகை அதற்கான ஏது. அடுக்களை அதற்கான எடுத்துக்காட்டு. காரணம்போல் தோன்றிக் காரணமாகாதது ‘ஏதுப்போலி’ எனப்படும். ஒரு காரணம் முடிவுக்கும் அதற்கு மாறானதற்கும் ஒருங்கே பொருந்துமாயின், அஃது ‘அநைகாந்திகம்’ என்னும் ஏதுப்போலியாகும். ரயில் பயணியின் பிழையும் இதுவே.

மற்றொரு பிழை, முன் நிகழ்ந்ததையே காரணமாகக் கொள்வது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. பின்னர்ச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. “தீக்குப் பின் நகரம் வளர்ந்தது, ஆகவே, வளர்ச்சிக்குத் தீயே காரணம்” எனலாமா? ஈயத் தொழிலும் 1886இல் ஓடத் தொடங்கிய ரயிலும் வளர்ச்சிக்குத் துணைநின்றன அல்லவா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

“இக்கஷாயம் குடித்த மறுநாளே காய்ச்சல் தணிந்தது” எனக் கைப்பேசியில் வரும் செய்தியும் இவ்வகையைச் சார்ந்ததே. அதைக் குடிக்காதவருக்கும் காய்ச்சல் தணிந்திருக்குமா என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேளாமல் நம்புபவர், மருத்துவரை நாட வேண்டிய நேரத்தைத் தவறவிடக்கூடும். தேர்வில் இழப்பது ஒரு மதிப்பெண். வாழ்வில் இழப்பது உயிராகவும் இருக்கலாம்.